அப்பா சரியாத்தான் அமுக்கினார்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி 2.40 மணி. 'தொப்'னு ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், பாத்ரூம் போகிற நடையில் அப்பா தரையில் உட்கார்ந்திருக்கார். கும்மிருட்டு. முழங்கையில் சிராய்ப்பு. இடுப்பு, தொடை, மணிக்கட்டுன்னு ஒவ்வொரு இடமா அமுக்கிப் பார்த்தேன். காலை நீட்டி மடக்கச் சொன்னேன். எலும்புக்கு ஒண்ணும் ஆகலை. வலது கையில் ரிமோட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தார்.

"அமுக்கினேம்லே. எரியல."

அதுக்கு நான் சொன்ன பதில்: "சரியா அமுக்கியிருக்க மாட்டீங்கப்பா."

அந்தப் பதில் எவ்வளவு பெரிய தப்புன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சு. அந்த ஒன்பது நாள் கதைதான் இந்த த்ரெட். ரிமோட் விளக்கு, ரிமோட் பெல் வச்சிருக்கிற வீடுகளுக்கு, முக்கியமா வயசானவங்க இருக்கிற வீடுகளுக்கு உதவும். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

முதல்ல அப்பாவைப் பற்றி. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு 77. அவர் மைதானத்தில் "அட்டென்ஷன்" சொன்னா ரெண்டு தெரு தள்ளிக் கேட்கும். அப்படிப்பட்டவருக்கு ஆறு வருஷமா பார்கின்சன் நோய். கை நடுக்கம்தான் பார்கின்சன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. குரலும் போகும். போகுதுன்னா ஒரேயடியா இல்லை, சன்னமாகிடும். அதில் இன்னொரு கொடுமை, நோயாளிக்குத் தான் சாதாரணமாப் பேசுற மாதிரிதான் தோணும். "கொஞ்சம் சத்தமா பேசுங்க"ன்னு நாம சொன்னா, "கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்"னு அவங்களுக்குக் கோபம் வரும்.

அதனால நம்ம ஊர் அமேசான்ல கிடைக்கிற பேசுற ஸ்பீக்கர் எல்லாம் அப்பாவுக்குச் சரிப்படலை. அவர் சொல்றது அதுக்குக் கேட்காது. அதே அறையில் படுத்திருக்கிற அம்மாவுக்கும் கேட்காது, படுக்கும்போது காது மெஷினைக் கழட்டி வச்சிடுவாங்க. "பழைய விசிலை எடுத்துக்கோங்கப்பா"ன்னு வேடிக்கையா சொன்னேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு விசில் ஊதினா தெருவே எந்திரிச்சு வரிசையில நிக்கும்லே"ன்னார்.

பார்கின்சன் உள்ளவங்களுக்கு ராத்திரி அடிக்கடி சிறுநீர் போகணும். அந்த நேரத்தில் மாத்திரையின் வேகமும் குறைஞ்சிருக்கும், உடம்பு கட்டை மாதிரி இருக்கும். வாசல்படி, குறுகலான நடை மாதிரி இடங்களில் கால் தரையோடு ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடும். வெளிச்சம் இருந்து தரை கண்ணுக்குத் தெரிஞ்சா நடை எவ்வளவோ தேவலை. இருட்டுல அதுவும் கிடையாது. சுவிட்ச் இருக்கிறதோ கட்டிலிலிருந்து எட்டடி தள்ளிக் கதவுப் பக்கம். விளக்கைப் போடவே இருட்டுல நடக்கணும்.

டயப்பர் வாங்கி வச்சேன். அதைப் பார்த்துட்டு ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசலை.

சரின்னு வாங்கினதுதான் இந்த செட். நாலு பட்டன் ரிமோட் ஒண்ணு. ஹாலில் டிவி ஸ்டாண்டு மேல ஒரு சின்னப் பெட்டி, அதுதான் கண்ட்ரோலர். ரிமோட் சொல்றதை அது ரேடியோ அலையில் வாங்கி, வைஃபை வழியா சுவிட்ச் போர்டுக்குள்ள இருக்கிற ரிலேக்களுக்குச் சொல்லும். ஒரு பட்டனுக்கு நடை விளக்கு, ஒண்ணுக்குக் கட்டில் விளக்கு, ஒண்ணுக்கு ஃபேன், ஒண்ணுக்கு மாடியில் என் அறையில் அடிக்கிற பெல். மூணு மாசம் அருமையா ஓடுச்சு. அப்புறம்தான் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காதுன்னு ஆரம்பிச்சது.

அப்பா விழுந்த மறுநாள் காலை, கிளினிக் கிளம்புற அவசரத்தில் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். ஆப்பை அப்டேட் பண்ணேன். ரிமோட்டை அழிச்சிட்டு மறுபடி சேர்த்தேன். கஸ்டமர் கேருக்கு எழுதினேன், அவங்களும் இதையே செய்யச் சொல்லிப் பதில் அனுப்பினாங்க. அமுக்கினேன், எரிஞ்சது. கட்டிலில் உட்கார்ந்து பத்துத் தடவை அமுக்கினேன், பத்தும் எரிஞ்சது. சரியாகிடுச்சு!

செருப்பு மாட்டும்போது அப்பா ஒண்ணு சொன்னார். "ஏலே, உங்கம்மா போனைச் சொருகிட்டுப் படுத்தான்னா இது செத்துருது."

"போனுக்கும் லைட்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?"னு சிரிச்சிட்டுக் கிளம்பிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி மறுபடி வேலை செய்யலை. அடுத்த நாள் காலையில் நான் அமுக்கினா பத்துக்குப் பத்து. என் மருத்துவ மூளை போட்ட கணக்கைப் பாருங்க: பெட்டி நல்லா இருக்கு, ரிமோட் நல்லா இருக்கு, மிச்சம் இருக்கிறது அப்பா. பார்கின்சனில் போகப் போக ஞாபகமும் தடுமாறலாம். சரி, ஆரம்பிச்சிடுச்சு போல.

சென்னையில் இருக்கிற அக்காவுக்கு ஃபோன் போட்டு அதைச் சொல்லவும் செய்தேன். அக்கா அழுதா.

இதில் ஒரு அடிப்படைத் தப்பு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குப் படபடன்னு வருதுன்னு ஒருத்தர் வந்தா, காலை பதினோரு மணிக்கு ஒரு ஈசிஜி எடுத்து, "நார்மலா இருக்கு, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க"ன்னு அனுப்பக் கூடாது. படபடப்பு வர்ற நேரத்தில் எடுக்கணும். அதுக்குத்தான் 24 மணி நேரமும் உடம்பில் மாட்டி வைக்கிற ஹோல்டர் மானிட்டர் இருக்கு. இதை ஜூனியர் டாக்டர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். வீட்டில் நான் பண்ணினது காலை பதினோரு மணி ஈசிஜி.

ஞாயிற்றுக்கிழமைதான் ஒழுங்கா உட்கார்ந்தேன்.

டிவி ரிமோட் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும். குறுக்கே ஆள் நின்னா வேலை செய்யாது. அது வேலை செய்யுதான்னு பார்க்க ஃபோன் கேமராவுக்கு முன்னாடி பிடிச்சு அமுக்குங்க, நுனியில் வெளிச்சம் மினுங்கும். பின் கேமராவில் தெரியலைன்னா செல்ஃபி கேமராவில் பாருங்க, சில ஃபோன்களில் பின் கேமரா அந்த ஒளியை வடிகட்டிடும். எங்க வீட்டு ரிமோட் அந்த ஜாதி இல்லை. இது ரேடியோ. 433.92 மெகாஹெர்ட்ஸ். நம்ம ஊரில் விலை குறைஞ்ச ரிமோட் பெல், கேட் ரிமோட் பலதும் இந்த இடத்தில்தான் பேசும். சுவரைத் தாண்டும். கேமராவில் ஒண்ணும் தெரியாது. ரிமோட்டில் சின்னதா சிவப்பு லைட் எரியுமே, அது பட்டன் அமுங்கினதுக்குத்தான் சாட்சி. சிக்னல் நல்ல பலத்தோட போச்சுங்கிறதுக்கு இல்லை.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரி. இந்த ரிமோட்களில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், கடையில் 23ஏ அல்லது 27ஏ-ன்னு கேட்டா கொடுப்பாங்க. சில ரிமோட்களில் காசு மாதிரி சிஆர்2032. மல்டிமீட்டர் வச்சுப் பார்க்கிறவங்க ஒரு விஷயம் கவனிங்க: சும்மா இருக்கும்போது பழைய பேட்டரியும் நல்ல வோல்டேஜ் காட்டும். பட்டனை அமுக்கிக்கிட்டே பாருங்க. கிழடான பேட்டரின்னா அப்போ சரசரன்னு இறங்கும். உட்கார்ந்திருக்கிறவருக்கு நார்மல் பிரஷர், எழுந்து நின்னதும் இறங்குதே, அதே மாதிரி. எங்களோடது கொஞ்சம் இறங்குச்சு. புதுசு போட்டேன். ராத்திரி நிலைமையில் மாற்றம் இல்லை.

அடுத்து, அதுவரை செய்யாததைச் செய்தேன். ரிமோட்டை அப்பா கையில் கொடுத்து அமுக்கச் சொல்லிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பட்டப்பகலில் பத்துத் தடவை அமுக்கினார். ஆறு எரிஞ்சது, நாலு எரியலை. அவர் விரல் சரியான பட்டனில்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலை. ஆப்பில் எந்த நேரத்தில் எது ஆன், எது ஆஃப்னு குறிப்பு இருக்கும், அதை எடுத்துப் பார்த்தேன். எரியலைன்னு நினைச்ச நாலில் மூணு, உண்மையில் எரிஞ்சு அடுத்த நொடியே அணைஞ்சிருக்கு. ஒரே பட்டன், ஒரு தடவை அமுக்கினா ஆன், மறுபடி அமுக்கினா ஆஃப். அப்படித்தான் நான் செட் பண்ணியிருந்தேன். பார்கின்சன் நடுக்கம் நொடிக்கு நாலிலிருந்து ஆறு தடவை. கை ஓய்வா மடியில் இருக்கும்போது அதிகம். ஒரு வேலை செய்யப் போகும்போது குறையும். ஆனா கையை ஒரே நிலையில் பிடிச்சு வச்சா சில விநாடியில் திரும்ப வந்துடும். அவர் ஒரு தடவைதான் அமுக்கினார், விரல் ரெண்டு தடவை அமுக்கிடுச்சு. நடை விளக்கு கட்டிலில் இருந்து நேரா தெரியாதுங்கிறதால் அந்த ஒரு நொடி வெளிச்சம் யார் கண்ணிலும் படலை.

நாலாவது ஏன் எரியலை? அந்தத் தடவை நடுங்குற விரல் ரொம்பச் சீக்கிரம் எடுபட்டுடுச்சு. இந்த ரிமோட்கள் அமுக்குற நேரம் முழுக்க ஒரே சங்கேதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கும். எங்க ரிமோட்டில் இருக்கிற மாதிரி சிப்களில் அந்தச் சங்கேதம் 24 பிட், ஒரு தடவை சொல்லி முடிக்க சுமார் 40-50 மில்லி செகண்ட். நிறைய கண்ட்ரோலர்கள் ஒரு தடவை கேட்டதும் நம்பாது. அடுத்தடுத்து ரெண்டு தடவையாவது அச்சு மாறாம வந்தாத்தான் "ஆமா, நமக்குத்தான் சொல்றாங்க"ன்னு ஏத்துக்கும். பட்டனைச் சுண்டிவிட்ட மாதிரி அமுக்கினா முழு வாக்கியமும் போய்ச் சேராது. அரை நொடி அமுக்கிப் பிடிக்கணும்.

மாத்தினது ரெண்டுதான். ஒரு பட்டன் ஆன் மட்டும், நூறு தடவை அமுக்கினாலும் ஆன்தான். அணைக்கிற வேலை ஆப்புக்கு, இருபது நிமிஷம் கழிச்சுத் தானா அணையும். ஃபேனை ரிமோட்டிலிருந்தே எடுத்துட்டேன். வீட்டில் கை நடுக்கம் உள்ளவங்க இருந்தா, இந்த ஒரே பட்டன் ஆன்-ஆஃப் ஏற்பாட்டை இன்னிக்கே மாத்திடுங்க.

நோயைப் பிடிச்சாச்சுன்னு மீசையை முறுக்கிக்கிட்டுப் படுக்கப் போனேன். (மீசை கிடையாது. ஒரு பேச்சுக்கு.) மறுநாள் காலையில் அப்பா சொன்னார், "நேத்தும் எரியல."

மருத்துவத்தில் ஹிக்கம் விதின்னு ஒண்ணு சொல்வோம். எல்லா அறிகுறிக்கும் ஒரே நோயைத் தேடாதே, நோயாளிக்கு ஒரே நேரத்தில் எத்தனை நோய் வேணும்னாலும் இருக்கலாம். ஜான் ஹிக்கம்ங்கிற அமெரிக்க மருத்துவப் பேராசிரியர் பேரில் வழங்குது. நடுக்கம் ஒரு நோய். ராத்திரி மட்டும் வர்றது இன்னொண்ணு.

புதன்கிழமை ராத்திரி அப்பா அறையில் பாய் விரிச்சுப் படுத்தேன். அம்மா வழக்கம்போல ஹாலில் உட்கார்ந்து ஃபோனில் பழைய பாட்டெல்லாம் கேட்டுட்டு, பதினொன்றரைக்கு வந்து படுத்தாங்க. நான் ரிமோட்டை எடுத்தேன். அரை நொடி அமுக்கிப் பிடிச்சேன்.

எரியலை.

மறுபடி. எரியலை. பத்துத் தடவையில் ரெண்டு தடவைதான் எரிஞ்சது. என் கையில். நடுக்கமில்லாத, நாற்பத்தாறு வயசுக் கையில். எனக்கு உள்ளுக்குள்ள வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றது? அப்பா ஞாபகம் நல்லாத்தான் இருக்கு! அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாடியே ஒரு கூச்சமும் வந்தது.

அப்பா முழிச்சுத்தான் இருந்தார். சன்னமா ஒரு குரல். "போயி அந்த சார்ஜரைப் பிடுங்குலே."

ஹாலுக்குப் போனேன். டிவி ஸ்டாண்டு பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் அம்மா ஃபோன் சார்ஜ் ஆகிட்டிருக்கு. அந்த சார்ஜருக்கும் கண்ட்ரோலர் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் கூட இல்லை. சார்ஜரைப் பிடுங்கினேன். திரும்பி வந்து அமுக்கினேன். பத்துக்குப் பத்து.

ஒரு மருந்தால்தான் உடம்பில் அரிப்பு வந்ததான்னு உறுதி பண்ண எங்களுக்கு ஒரு முறை உண்டு. மருந்தை நிறுத்திப் பார்ப்போம், அரிப்பு போகுதான்னு. அது டீசேலஞ்ச். மறுபடி கொடுத்தா மறுபடி வருதான்னு பார்க்கிறது ரீசேலஞ்ச். மனுஷங்களிடம் ரீசேலஞ்ச் ஆபத்து, லேசில் செய்ய மாட்டோம். சார்ஜரிடம் என்ன பயம்? மாட்டினேன்: பத்தில் மூணு. பிடுங்கினேன்: பத்து. மருந்துச் சீட்டுப் பின்பக்கம் எழுதி வச்சேன்.

அதோட விட்டிருக்கலாம். அம்மாவை எழுப்பி, காது மெஷினை மாட்டச் சொல்லி, ஹாலில் உட்கார வச்சு, "உங்க இஷ்டத்துக்கு மாட்டுங்க, பிடுங்குங்க, எங்ககிட்ட சொல்லாதீங்க"ன்னேன். நடு ராத்திரி 12.15 மணி. "உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்குதான் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே செஞ்சாங்க. அப்பா ஒவ்வொரு தடவையும் ரிமோட்டை அமுக்கிப் பார்த்துட்டு, "இப்ப மாட்டிருக்கா", "இப்ப பிடுங்கிட்டா"ன்னு சொன்னார். அஞ்சு தடவையும் சரி.

மறுநாள் சாயங்காலம் எங்க தெரு டிவி மெக்கானிக் அண்ணன் வந்தார். அப்பாவோட பழைய மாணவர், இன்னும் அப்பா முன்னாடி உட்கார மாட்டார். நான் சொன்னதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ எடுத்துட்டு வந்தார். மீடியம் வேவில் ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார். 'உஸ்ஸ்'னு மெல்லிசா இரைச்சல். ரேடியோவை அம்மாவோட சார்ஜர் பக்கத்தில் கொண்டு போனார். 'ர்ர்ர்ர்'னு மாவு மில் மாதிரி அலறுச்சு. ஃபோனோட வந்த ஒரிஜினல் சார்ஜர் பக்கத்தில் பிடிச்சார். லேசா ஒரு முனகல், அவ்வளவுதான்.

"டாக்டர் சார், ரேடியோ கேக்கிற இடம் வேற, உங்க ரிமோட் பேசுற இடம் வேற. ஆனா இது இங்க இந்தக் கத்து கத்துதுன்னா அங்கயும் சும்மா இருக்காது"ன்னார்.

அவர் சொன்னதையும் நான் அப்புறம் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். இந்தக் காலத்துச் சார்ஜர் எல்லாம் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் 5 வோல்ட்டாகக் குறைக்குது. அப்படி வெட்டும்போது ரேடியோ இரைச்சல் கிளம்பும். நல்ல சார்ஜரில் அதை அடக்குறதுக்கான பாகங்களைப் போட்டிருப்பாங்க. மலிவு சார்ஜரில் முதலில் மிச்சம் பிடிக்கிறது அந்தப் பாகங்களில்தான். சில எல்.இ.டி. பல்பு, டிவி பாக்ஸ் அடாப்டர் இதெல்லாமும் இதே வேலையைச் செய்யும். கண்ட்ரோலர் பெட்டிக்குள்ள இருக்கிற ரிசீவர் மலிவானதா இருந்தா, 433.92-ல் மட்டும் காதைக் கூர்மையா வைக்காது. அக்கம்பக்கத்து இரைச்சல் எல்லாத்தையும் சேர்த்துக் கேட்கும். இருபதடி தள்ளி, ஒரு சுவரைத் தாண்டி வர்ற அப்பாவோட சன்னமான சிக்னல், காதோரம் ஒருத்தன் தகரத்தைத் தட்டிக்கிட்டிருக்கும்போது எப்படிக் கேட்கும்? நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் நின்னுக்கிட்டு ஃபோன் பேசிப் பார்த்திருக்கீங்களா? அதுதான். பெட்டி அலட்சியம் பண்ணலை. அதுக்குக் கேட்கலை.

பகலில் ஏன் வேலை செய்தது? சார்ஜர் பகலிலும் அங்கேதான் சொருகி இருக்கும். ஆனா ஃபோன் மாட்டாதவரைக்கும் அது கிட்டத்தட்டத் தூங்கிட்டிருக்கும். ஃபோன் கரண்டு இழுக்கும்போதுதான் முழு வேகத்தில் வெட்டும். விடியற்காலை அஞ்சு மணிக்குச் சில நாள் ரிமோட் வேலை செய்யும்னு அப்பா சொன்னதுக்கும் காரணம் கிடைச்சது. அதுக்குள்ள ஃபோன் நிறைஞ்சிருக்கும்.

அந்த சார்ஜர் எங்கிருந்து வந்துச்சு? அம்மாவோட ஒரிஜினல் சார்ஜரை கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போனது நான். அதுக்குப் பதிலா பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் எண்பது ரூபாய்க்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

இப்போ கண்ட்ரோலரை டிவி ஸ்டாண்டிலிருந்து எடுத்து, நடைச் சுவரில் ஆள் உயரத்தில், கட்டிலுக்குப் பக்கமா மாட்டியாச்சு. இடம் மாத்தினது மட்டுமே பெரிய வித்தியாசம். டிவிக்குப் பின்னாடி, ஸ்டீல் பீரோ மேல, வைஃபை ரவுட்டர் ஒட்டி இந்தப் பெட்டிகளை வைக்காதீங்க. உலோகம் சிக்னலை மறைக்கும். பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஒயர் தொங்கிட்டிருந்தா அழகுக்காகச் சுருட்டி உள்ளே திணிக்காதீங்க, வெட்டவும் வெட்டாதீங்க. அது ஆண்டெனா. இந்த அலைவரிசைக்கு அதோட சரியான நீளம் சுமார் 17 சென்டிமீட்டர், அலை நீளத்தில் கால் பங்கு.

உங்க வீட்டில் இருக்கிறது ஜிக்பீ வகைன்னா அது 2.4 கிகாஹெர்ட்ஸ். அங்கே வைஃபையோட நெரிசல் தனி. கம்ப்யூட்டரில் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேரடியா ஜிக்பீ குச்சியைச் சொருகினவங்க, ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி அதைத் தள்ளி வச்சுப் பாருங்க. யுஎஸ்பி 3 அதே 2.4-ல் இரைச்சல் போடும்.

வீட்டுக்குள்ள ஒண்ணும் கிடைக்கலைன்னா வெளியே பாருங்க. 2019-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட்னு ஒரு ஊரில், ஒரு பகுதியில் மட்டும் கார் சாவி ரிமோட், கராஜ் கதவு ரிமோட் எல்லாம் வாரக்கணக்கில் வேலை செய்யலை. அங்கே இந்த மாதிரி ரிமோட் நிறைய 315 மெகாஹெர்ட்ஸில் பேசும். கடைசியில் ஒரு வீட்டில் கண்டுபிடிச்சாங்க. எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள ஒருத்தர் தன் உபயோகத்துக்குச் செஞ்சு வச்ச பேட்டரி கருவி, அதே 315-ல் விடாம சிக்னல் அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. அவருக்கே தெரியாது. நம்ம தெருவிலும் யார் வீட்டு காலிங் பெல் பட்டனாவது அமுங்கினபடியே சிக்கிக்கிட்டா இதே கதைதான்.

இந்த மாதிரி ரிமோட்டில் சங்கேதம் எப்பவும் ஒண்ணேதான், மாறாது. யாரும் அதைப் பிடிச்சு நகல் எடுத்துக்கலாம். விளக்குக்கு, பெல்லுக்கு வச்சுக்கோங்க. வாசல் கதவுப் பூட்டுக்கு வேண்டாம்.

சார்ஜர் வாங்கும்போது அதில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்'னு தொடங்குற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. அது முக்கியமா ஷாக், தீ விபத்து சம்பந்தப்பட்ட பாதுகாப்புக்கான பதிவு. ரேடியோ இரைச்சலுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனா அதுகூட இல்லாத சார்ஜரை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க.

டாக்டரா ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ராத்திரி வெளிச்சத்துக்கு ரிமோட்டை மட்டும் நம்பாதீங்க. சில பெட்டிகள் இன்டர்நெட் போனாலே வேலை செய்யாது. கரண்டு போய், ரவுட்டர் இன்வெர்ட்டரில் இல்லைன்னா மொத்தமும் போச்சு. இப்போ எங்க நடையில், ஆள் அசைஞ்சாத் தானா எரியுற பேட்டரி விளக்கு ரெண்டு, முழங்கால் உயரத்தில் ஒட்டியிருக்கேன். கட்டில் ஓரத்தில் சாதாரண ஒயர் காலிங் பெல் ஸ்விட்ச் ஒண்ணு. எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாட்டிட்டார். அடுத்து, படுக்கையிலிருந்து சட்டுனு எழுந்திருக்கக் கூடாது. பார்கின்சனில் எழுந்ததும் பிரஷர் இறங்கும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு ஒண்ணு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழணும். குரல் சன்னமானதுக்கும் பேச்சுப் பயிற்சி உண்டு, நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்க. அப்பாவுக்கு நான் அதை ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். இப்போதான் வாரம் ரெண்டு நாள் போறார். மைதானத்துக் குரலில் "அட்டென்ஷன்" சொல்லச் சொல்றாங்களாம்.

அக்காவுக்கு ஃபோன் பண்ணி, நான் சொன்னது தப்புன்னு சொன்னேன். அவ கேட்ட முதல் கேள்வி, "அப்பாகிட்ட சொன்னியா?"

சொல்லலை. அதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை.

போன சனிக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு என் அறையில் பெல் அடிச்சது. மாடிப்படியில் ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி இறங்கி ஓடினேன். நடை விளக்கு எரியுது. அப்பா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கார். கையில் ரிமோட்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லலே. கேக்குதான்னு பாத்தேன்."

"கேக்குதுப்பா"ன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, ரெண்டு நிமிஷம் ஆனதும் கையைப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன்.